விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள், உண்மைக் காரணம் என்ன? அமெரிக்க உள்ளூர் போலீஸ் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் விதம்

2025 செப்டம்பர் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நடக்கும் குடியேற்றச் சோதனைகள் பற்றி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. ஒருவரின் தோற்றம், அவர் பேசும் ஸ்பானிய மொழி அல்லது ஆங்கில உச்சரிப்பு, அவர் நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகிய நான்கை மட்டும் வைத்து நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் தடை போட்டிருந்தது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் நிறுத்திவைத்தது. ‘இனி அமெரிக்காவில் எந்தப் போலீஸும் தோலின் நிறத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தலாம்’ என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள்.

அந்தப் புரிதல் சரியல்ல. உத்தரவு மத்திய அரசின் குடியேற்ற அதிகாரிகளைப் பற்றியது, அதுவும் வழக்கு முடியும்வரைக்கான ஏற்பாடு. நகரப் போலீஸும், மாவட்டம் போன்ற கவுன்ட்டியின் போலீஸ் தலைவரான செரிஃபும் வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். மாநிலச் சட்டம், நீதிமன்ற ஒப்பந்தம், துறையின் உள்விதி என்று அவர்களுக்குப் பல கடிவாளங்கள் உண்டு. அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே நழுவுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

எது புரொஃபைலிங், எது இல்லை

‘ரேசியல் புரொஃபைலிங்’ என்பதைத் தமிழில் இனம்பார்த்துச் சந்தேகித்தல் எனலாம். ஒருவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, அவர் எந்த இனத்தவர் போலத் தெரிகிறார் என்பதை வைத்து நிறுத்துவது, கேள்வி கேட்பது, சோதிப்பது எல்லாம் இதில் அடங்கும்.

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. பத்து நிமிடத்துக்கு முன் ஒரு கடையில் கொள்ளை நடந்தது, ஆறடி உயரம், சிவப்புச் சட்டை, கறுப்பின இளைஞர், தெற்கே ஓடினார் என்று சாட்சி சொல்கிறார். அந்த அடையாளங்களுக்குப் பொருந்துபவரைத் தேடுவது புரொஃபைலிங் ஆகாது. அங்கே இனம் ஒரு குறிப்பிட்ட ஆளின் வர்ணனையில் ஒரு பகுதி. அதே வர்ணனையில் உயரத்தையும் சட்டையையும் நேரத்தையும் மறந்துவிட்டு ‘கறுப்பின இளைஞர்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வட்டாரத்தில் நடந்துபோகும் ஒவ்வொருவரையும் நிறுத்தினால் அது புரொஃபைலிங். பெரும்பாலான துறைகளின் உள்விதி இந்தக் கோட்டைத்தான் போடுகிறது: குறிப்பிட்ட நபர், குறிப்பிட்ட சம்பவம், நம்பத்தக்க தகவல் என்ற மூன்றும் இருந்தால் மட்டுமே இனத்தைக் கணக்கில் எடுக்கலாம்.

சட்டம் விட்டுவைத்த ஓட்டை

விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சிக்கல் எங்கே வருகிறது? இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொண்டால் புரியும்.

1. டெர்ரி எதிர் ஒஹாயோ, 1968. குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நியாயமான சந்தேகம் இருந்தால், கைது செய்யப் போதிய ஆதாரம் இல்லாவிட்டாலும் ஒருவரைச் சற்று நேரம் நிறுத்தலாம். ஆயுதம் வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் தனியாக இருந்தால் உடையின் மேல் தடவிப் பார்க்கலாம். வெறும் உள்ளுணர்வு போதாது, வாயால் சொல்லக்கூடிய காரணம் வேண்டும்.

2. ரென் எதிர் அமெரிக்கா, 1996. போக்குவரத்து விதி ஏதாவது உண்மையிலேயே மீறப்பட்டிருந்தால் நிறுத்தம் செல்லும். அதிகாரியின் மனத்தில் இருந்த உண்மையான நோக்கம் என்ன என்பதை, தேவையற்ற சோதனைகளிலிருந்து காக்கும் நான்காம் திருத்தத்தின் கீழ் நீதிமன்றம் கேட்காது.

இரண்டாவது தீர்ப்புதான் கதவை அகலத் திறந்தது. அமெரிக்க மாநிலங்களின் வாகனச் சட்டப் புத்தகம் தலையணை அளவு. எண் பலகை விளக்கு, கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை, திரும்பும்போது சிக்னல் போட்ட தூரம் எல்லாம் அதில் விதிதான். எந்த வண்டியையும் நான்கு தெரு பின்தொடர்ந்தால் ஏதாவது ஒரு மீறல் கிடைத்துவிடும். போதைப்பொருள் இருக்குமோ என்ற ஊகத்தில் நிறுத்திவிட்டு, எழுதும்போது ‘பிரேக் விளக்கு எரியவில்லை’ என்று எழுதலாம். இதைச் சாக்கு நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

பாகுபாடு நடந்தால் சமப் பாதுகாப்பு தரும் பதினான்காம் திருத்தத்தின் கீழ் வழக்குப் போடலாம் என்று ரென் தீர்ப்பே சொல்கிறது. ஆனால் அதற்கு உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். ஒரு தனி ஓட்டுநர் ‘என் நிறத்தால்தான் நிறுத்தினார்’ என்று எப்படி நிரூபிப்பார்? அவரிடம் இருப்பது ஒரு சம்பவம். அதே அதிகாரி அதே சாலையில் யார் யாரை விட்டுவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கணக்கு இருந்தால் மட்டுமே வழக்கு நிற்கும். இனப் பாகுபாட்டுத் தடுப்பு என்று இன்று நடக்கும் வேலையில் பாதி, இந்தக் கணக்கை உண்டாக்கும் வேலைதான்.

கணக்கு எழுதத் தொடங்கிய கதை

1992இல் மேரிலாந்தில் ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் குடும்பத்தோடு ஓர் இறுதிச் சடங்கிலிருந்து திரும்பும் வழியில் மாநிலப் போலீஸால் நிறுத்தப்பட்டார். வண்டியைச் சோதிக்க அவர் சம்மதிக்கவில்லை. மோப்ப நாய் வரும்வரை குடும்பமே சாலையோரம் காத்திருந்தது. எதுவும் சிக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார், பின்னாளில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியும் ஆனார். 1995 சமரசத்தின்படி மேரிலாந்து போலீஸ் ஒவ்வொரு சோதனையையும் பதிவுசெய்து நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜான் லாம்பர்த் என்ற உளவியல் பேராசிரியர் ஐ-95 நெடுஞ்சாலையில் ஆட்களை வண்டி ஓட்டவைத்து, விதி மீறி ஓட்டுபவர்களை எண்ணினார். மீறியவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 17 விழுக்காடு. போலீஸ் நிறுத்திச் சோதித்தவர்களில் அவர்கள் 70 விழுக்காட்டுக்கு மேல். ‘அவர்கள்தான் அதிகம் மீறுகிறார்கள்’ என்ற வாதம் அந்த இரண்டு எண்களுக்கு முன் நிற்கவில்லை.

1999இல் வடக்குக் கரோலைனா நிறுத்தப் பதிவைச் சட்டமாக்கியது. டெக்சாஸ் 2001இல் சட்டம் போட்டது. அங்கே ஒவ்வொரு துறையும் மார்ச் 1க்குள் ஆண்டறிக்கையை மாநில ஆணையத்துக்கும் தன் நகர மன்றத்துக்கும் கொடுக்க வேண்டும். இவற்றில் மிக விரிவானது கலிபோர்னியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். பெரிய துறைகள் 2018 ஜூலையிலும் மற்றவை 2022க்குள்ளும் பதிவைத் தொடங்கின.

ஒரு நிறுத்தப் பதிவில் என்ன இருக்கும்

கலிபோர்னியப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். நாள், நேரம், இடம், எவ்வளவு நேரம் நீடித்தது, அழைப்பு வந்து போனதா தானாக நிறுத்தியதா, நிறுத்திய காரணம், கீழே இறக்கினாரா, கைவிலங்கு போட்டாரா, சோதித்தாரா, எந்த அடிப்படையில் சோதித்தார், என்ன கிடைத்தது, எப்படி முடிந்தது, அதிகாரிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று நீளும். நிறுத்தத்துக்கான காரணத்தை 250 எழுத்துக்குள் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும்.

இனத்தைப் பதியும் முறைதான் பலருக்கு வியப்பாக இருக்கும். நிறுத்தப்பட்டவரிடம் ‘நீங்கள் எந்த இனம்?’ என்று கேட்கக் கூடாது. அதிகாரியின் கண்ணுக்கு என்னவாகப் பட்டதோ அதைப் பதிய வேண்டும். உங்கள் உண்மையான பூர்விகம் இங்கே பொருட்டல்ல. பாகுபாடு நடந்தால் அது அதிகாரி கண்ட தோற்றத்தால் நடக்கும், ஆகவே அளக்க வேண்டியதும் அதைத்தான். அந்தப் படிவத்தில் ‘மத்தியக் கிழக்கு அல்லது தெற்காசியர்’ என்று ஒரே கட்டம் உண்டு. சான் ஹோசேயில் கார் ஓட்டும் தமிழர் அந்தக் கட்டத்தில் விழலாம், அதிகாரியின் பார்வையைப் பொறுத்து ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்டவர், என்ற கட்டத்திலும் விழலாம். ஆங்கிலம் தடுமாறுபவராகத் தெரிந்தாரா என்பதற்கும் தனிக் கட்டம் இருக்கிறது.

டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் நேர் எதிர் வழியில் போனது. ஹிஸ்பானிய ஓட்டுநர்கள் பலரை ‘வெள்ளையர்’ என்று பதிந்திருப்பது 2015இல் செய்தியாக வெளிவந்தது. அதன்பின் ஓட்டுநரிடமே இனத்தைக் கேட்டு எழுதும்படி உத்தரவானது. எண்களின் துல்லியத்துக்கு அது நல்லது. சாலையோரத்தில் துப்பாக்கியோடு நிற்பவர் ‘உன் இனம் என்ன?’ என்று கேட்பது நல்லதா என்பது வேறு கேள்வி. என் கணிப்பில் கலிபோர்னிய முறையே சரி.

பதிவு எங்கே கெடுகிறது

தரவு கெடும் வழிகள் எல்லாத் துறைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. எழுதாமல் விடுவது. டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, கொடுத்தால் பதிவு இருக்கும். எச்சரித்து அனுப்பினால் சில இடங்களில் பதிவே இருக்காது. பாகுபாடு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். காரணமே இல்லாமல் நிறுத்தப்பட்டவருக்கு டிக்கெட் போட எதுவும் இருக்காது அல்லவா?

2. அச்சுவார்த்தை. நியூயார்க் போலீஸின் பழைய படிவத்தில் ‘கள்ளத்தனமான அசைவு’, ‘குற்றம் மிகுந்த பகுதி’ என்று தயாராகக் கட்டங்கள் இருந்தன. இரண்டில் டிக் போட்டால் வேலை முடிந்தது. என்ன அசைவு, எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. வழக்குக்குப் பின் வந்த படிவம் கட்டத்தோடு விட்டுவிடாமல் விவரித்து எழுதவும் சொல்கிறது.

3. இல்லாத நிறுத்தம். கனெக்டிகட் மாநிலப் போலீஸின் 2014 முதல் 2021 வரையிலான டிக்கெட்டுகளை 2023இல் தணிக்கை செய்தபோது, பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற கணக்கில் 25,966 பதிவுகள் சிக்கின. அவற்றில் வெள்ளை ஓட்டுநர்கள் விகிதத்துக்கு மீறி இருந்தார்கள். பின்னால் நடந்த தனி விசாரணை, வேண்டுமென்று செய்ததைவிடப் பதிவுக் கோளாறும் அலட்சியமும்தான் அதிகம் என்றது. எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றே: அந்த மாநிலத்தின் இனவாரிக் கணக்கு பல ஆண்டுகளுக்குக் கறைபட்டுவிட்டது.

இதற்கு மருந்து, ஒரே சம்பவத்தைக் குறைந்தது இரண்டு இடத்திலிருந்து பார்ப்பது. ரேடியோவில் ‘வண்டியை நிறுத்துகிறேன்’ என்று சொன்ன நேரம் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் இருக்கும். உடல் கேமரா பதிவு தனியாக இருக்கும். மாதம் ஒருமுறை குலுக்கல் முறையில் நிறுத்தங்களை எடுத்து, படிவமும் கணினி நேரமும் கேமராவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் மூன்று வகைத் தில்லுமுல்லும் வெளியே வந்துவிடும். செலவு அதிகமில்லை. செய்ய ஆள் ஒதுக்குவதுதான் அரிது.

எண்ணைப் படிப்பதில் இருக்கும் சூட்சுமம்

‘ஊரில் கறுப்பினத்தவர் 20 விழுக்காடு, நிறுத்தங்களில் 35 விழுக்காடு, ஆகவே பாகுபாடு’ என்று எழுதுவது சுலபம். துறைத் தலைவர் அதை ஒரே வரியில் மறுத்துவிடுவார்: சாலையில் ஓட்டுபவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள் அல்ல, நெடுஞ்சாலை குறுக்கே போகிறது, ரோந்து வண்டிகள் குற்றப் புகார் வரும் பகுதியில்தான் சுற்றுகின்றன. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மக்கள்தொகை சரியான அளவுகோல் இல்லை. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழிகளைக் கண்டார்கள்.

இருள் சோதனை. கிரோகர், ரிட்ஜ்வே என்ற இருவர் 2006இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரத் தரவை வைத்து வெளியிட்ட முறை. மாலை ஏழு மணி ஜூனில் வெளிச்சம், டிசம்பரில் இருட்டு. அதே நேரம், ஏறக்குறைய அதே ஓட்டுநர்கள். இருட்டில் ஓட்டுபவரின் நிறம் அதிகாரிக்குத் தெரிவது கடினம். வெளிச்சத்தில் நிறுத்தப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு கூடுதலாகவும் இருட்டில் குறைவாகவும் இருந்தால், நிறம் தெரிவது முடிவைப் பாதிக்கிறது என்று பொருள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஏறத்தாழ 10 கோடி நிறுத்தங்களைத் திரட்டி 2020இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேறுபாடு தெரிந்தது. ஒரு எச்சரிக்கை: விளக்கு எரியாத குற்றம் இரவில்தான் கண்ணில் படும். அந்த வகை நிறுத்தங்களைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் முடிவு கோணலாகும்.

கிடைத்த விகிதம். கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் வெள்ளையர் வண்டிகள் 200 சோதிக்கப்பட்டன, 60இல் தடைப்பொருள் கிடைத்தது: 30 விழுக்காடு. கறுப்பினத்தவர் வண்டிகள் 400 சோதிக்கப்பட்டன, 72இல் கிடைத்தது: 18 விழுக்காடு. இரண்டாவது கூட்டத்தைச் சோதிக்க இன்னும் பலவீனமான சந்தேகமே போதும் என்று அதிகாரிகள் நினைத்திருக்கிறார்கள் என்று இது காட்டுகிறது. மக்கள்தொகை, ரோந்துப் பகுதி என்ற மறுப்பு எதுவும் இங்கே எடுபடாது. ஆனால் இந்த விகிதமும் தனியே நின்றால் ஏமாற்றக்கூடும். ஒரு கூட்டத்தில் சந்தேக அறிகுறிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்து சராசரி மாறும். இதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எந்தச் சோதனைகளைத் திறந்து பார்ப்பது என்று காட்டும் குறியாக எடுத்துக்கொள்வது நல்லது.

சக அதிகாரியோடு ஒப்பீடு. துறைக்குள் மிகவும் பயன்படுவது இதுதான். ஒரே பகுதி, ஒரே ஷிஃப்ட், ஒரே வேலை உள்ள அதிகாரிகளை ஒரு கூட்டமாக வைத்து, அவர்களில் யார் விலகி நிற்கிறார் என்று பார்ப்பது. இரவு ரோந்துக்காரரைப் பள்ளிக்கூட வாசலில் பகல் வேலை பார்ப்பவரோடு ஒப்பிட்டால் எதுவும் புரியாது. முழுத் துறையும் சேர்ந்தே சாய்ந்திருந்தால் இந்த முறைக்கு அது தெரியாது என்பது இதன் குறை.

எண்ணிலிருந்து சார்ஜென்ட் மேஜைவரை

அறிக்கை எழுதிப் பரணில் போடுவதால் தெருவில் எதுவும் மாறாது. நன்றாக நடக்கும் துறையில் வழக்கமாக இப்படிப் போகும்:

1. ஷிஃப்ட் முடிவதற்குள் அதிகாரி ஒவ்வொரு நிறுத்தத்தையும் பதிகிறார்.
2. அவருடைய நேரடி மேலதிகாரியான சார்ஜென்ட் அந்த வாரத்துக்குள் காரணங்களைப் படிக்கிறார். ‘சந்தேகத்துக்கிடமாக நின்றார்’ என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்.
3. சோதனை நடந்திருந்தால், அதுவும் சம்மதத்தின் பேரில் நடந்திருந்தால், கேமரா பதிவைப் பார்க்கிறார்.
4. ஒரு எல்லையை மீறியவரை முன்னெச்சரிக்கை அமைப்பு தானாகச் சுட்டுகிறது. புகார்கள், பலப்பிரயோகம், நிறுத்த விகிதம் எல்லாம் அதில் சேரும்.
5. முதலில் பேச்சு, பிறகு கூட ஒருவரை அமர்த்துவது, பிறகு பணி மாற்றம், பொய் எழுதியிருந்தால் ஒழுங்கு நடவடிக்கை.

இந்தச் சங்கிலி இரண்டாவது கண்ணியில்தான் அடிக்கடி அறுகிறது. எட்டுப் பேரை மேய்க்கும் சார்ஜென்ட்டால் படிக்க முடியும். பதினைந்து பேர் கீழே இருந்து, பாதி நேரம் வேறு வேலைக்கு இழுக்கப்பட்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டு ‘அங்கீகரிக்கப்பட்டது’ பொத்தானை அழுத்துவார். ஆகவே நீதிமன்றங்கள் துறைகளைத் திருத்தும்போது ஒரு மேலதிகாரிக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு வைப்பது வழக்கம். இனப் பாகுபாட்டுக்கும் ஆள் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று முதலில் படிப்பவருக்குத் தோன்றும்.

எந்த எண்ணைப் பார்ப்பது என்பதிலும் பாடம் உண்டு. அரிசோனாவின் மாரிகோப்பா கவுன்ட்டியில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஓட்டுநர்களைக் குறிவைத்ததற்காக செரிஃப் ஜோ அர்ப்பாயோவின் துறைக்கு எதிராக 2013இல் தீர்ப்பு வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் வந்த ஆய்வுகளில் யார் நிறுத்தப்பட்டார் என்பதோடு எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டார் என்பதும் அளக்கப்பட்டது. லத்தீன் ஓட்டுநர்களின் நிறுத்தம் நீண்டிருந்தது. டிக்கெட் எழுத எட்டு நிமிடம், கேள்வி கேட்க இன்னும் எட்டு நிமிடம் என்றால் அந்த இரண்டாவது எட்டு நிமிடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. டிக்கெட் வேலை முடிந்தபின் மோப்ப நாய்க்காகக் காக்கவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் ரோட்ரிகஸ் வழக்கில் சொன்னதும் இதையே பற்றியது.

நிறுத்தத்தையே குறைப்பது

இதுவரை சொன்னது எல்லாம் நடந்த நிறுத்தத்தை அளப்பது. கடந்த பத்து, பதினைந்து ஆண்டில் பலன் தெரிந்தது வேறு வழியில்: பலவீனமான காரணமுள்ள நிறுத்தங்களைச் செய்யாமலே விடுவது. அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட இடம் எவ்வளவு பெரிதோ, பாகுபாடு நுழைய அவ்வளவு இடம்.

ஓக்லாண்ட் செய்தது ஏமாற்றும் அளவுக்கு எளிது. 2003 முதல் நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்த அந்தத் துறை, ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டின் குழுவோடு வேலை செய்தது. நிறுத்தப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தார்கள்: இந்த நிறுத்தம் குறிப்பிட்ட தகவலின் அடிப்படையிலானதா? ஆம் என்றால் எந்தத் தகவல் என்று எழுத வேண்டும். வண்டியை விட்டு இறங்குமுன் ‘நான் எதற்காக இவரை நிறுத்துகிறேன்?’ என்று யோசிக்கவைக்கும் கேள்வி அது. 2017இல் சுமார் 32,000 ஆக இருந்த நிறுத்தங்கள் அடுத்த ஆண்டு 19,000 ஆயின. கறுப்பினத்தவரை நிறுத்துவது 43 விழுக்காடு குறைந்தது. ஊரில் குற்றம் அதனால் கூடிவிடவில்லை.

வடக்குக் கரோலைனாவின் ஃபேயட்வில்லில் 2013இல் ஹெரால்ட் மெட்லாக் தலைவராக வந்தபின், அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், குடித்து ஓட்டுதல் போன்ற உயிருக்கு ஆபத்தான மீறல்களுக்கு முன்னுரிமை என்றார். காலாவதியான ஸ்டிக்கர், உடைந்த விளக்கு வகையறா பின்னுக்குப் போனது. மொத்த நிறுத்தம் குறையாமலே அதன் சேர்க்கை மாறியது. நிறுத்தப்பட்டோரில் கறுப்பினத்தவர் பங்கு குறைந்தது, சாலை விபத்துச் சாவும் குறைந்தது என்று 2020இல் வந்த ஆய்வு காட்டியது. போலீஸ் கையைக் கட்டிப்போட்டால் சாலை நாறிவிடும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது.

ஃபிலடெல்ஃபியா நகர மன்றம் இதைச் சட்டமாகவே போட்டது. 2022 மார்ச் முதல், ஒரே ஒரு பிரேக் விளக்கு, தளர்ந்த எண் பலகை, கண்ணாடியில் தொங்கும் பொருள், சிறு பம்பர் சேதம் உள்ளிட்ட எட்டு மீறல்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது. மீறல் மீறல்தான், டிக்கெட் தபாலில் வரும். லாஸ் ஏஞ்சலிஸ் அதே மாதம் கொஞ்சம் மென்மையான வழியை எடுத்தது: சிறு மீறலைச் சாக்காக வைத்து நிறுத்துவதென்றால், பெரிய குற்றம் பற்றிய என்ன தகவல் இருக்கிறது என்பதை அதிகாரி உடல் கேமராவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கின் கதை இதற்கெல்லாம் பின்னணி. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன்வரை 44 லட்சம் தெரு நிறுத்தங்கள். 80 விழுக்காட்டுக்கு மேல் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். 88 விழுக்காட்டில் கைதோ சம்மனோ இல்லை. உடல் தடவிய சோதனைகளில் ஆயுதம் கிடைத்தது 1.5 விழுக்காட்டில். இந்த எண்களை வைத்துத்தான் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் 2013இல், டேவிட் ஃப்ளாய்ட் என்பவர் பெயரில் நடந்த வழக்கில் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2011இல் 6,85,724 ஆக இருந்த ஆண்டு நிறுத்தங்கள் 2015இல் இருபதாயிரத்துச் சொச்சமாகின.

சம்மதச் சோதனைக்குத் தனிக் கடிவாளம் வேண்டும். ‘வண்டியைப் பார்க்கலாமா?’ என்று சீருடைக்காரர் கேட்டால் மறுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஃபேயட்வில்லும் அதே மாநிலத்தின் டர்ஹமும் கையெழுத்திட்ட படிவத்தைக் கட்டாயமாக்கின. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2002இல் இன்னும் ஒரு படி மேலே போய், போக்குவரத்து நிறுத்தத்தில் சம்மதம் கேட்பதற்கே நியாயமான சந்தேகம் வேண்டும் என்றது.

அழைப்பவரின் கண் வழியே வரும் பாகுபாடு

2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில் 57 வயது இந்தியர் ஒருவர் நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தவர், ஆங்கிலம் தெரியாது. ஒல்லியான கறுப்பின ஆள் வீடுகளை நோட்டம் விடுகிறார் என்று அக்கம்பக்கத்திலிருந்து ஒருவர் போலீஸை அழைத்தார். வந்த அதிகாரி அவரைத் தரையில் சாய்த்ததில் முதுகெலும்பு பாதித்து உடல் ஓரளவு செயலிழந்தது. அதிகாரி கிரிமினல் வழக்கில் விடுவிக்கப்பட்டார்.

இங்கே முதல் சந்தேகம் போலீஸுடையது இல்லை. அதனால்தான் சில துறைகள் 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்பை எடுப்பவருக்கே கேள்விப் பட்டியல் தருகின்றன: அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? எதனால் சந்தேகம்? ஏதாவது கையில் இருக்கிறதா? நடத்தை எதுவும் இல்லாமல் ‘இந்தப் பகுதிக்குப் பொருந்தாத ஆள்’ என்பது மட்டும் பதிலாக வந்தால், ரோந்து வண்டியை அனுப்பும் முன் மேலாளர் முடிவெடுக்கிறார். அனுப்பினாலும் ரேடியோவில் ‘சந்தேக நபர்’ என்று சொல்வதில்லை. அந்த ஒரு சொல், இறங்கும் அதிகாரியின் கையை எங்கே வைக்கிறது என்பதை மாற்றிவிடும்.

பயிற்சி எவ்வளவு உதவுகிறது?

செய்தி வரும்போதெல்லாம் துறைகள் முதலில் அறிவிப்பது பயிற்சியைத்தான். நினைவுக்கு எட்டாத மனச்சாய்வு பற்றிய ஒருநாள் வகுப்பை நியூயார்க் போலீஸ் 2018-19இல் தன் படை முழுவதற்கும் நடத்தியது. 2020இல் வந்த மதிப்பீட்டின்படி அதிகாரிகளின் அறிவு கூடியது, நிறுத்தங்களிலும் கைதுகளிலும் இனவாரி வேறுபாடு குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. வகுப்பு வேண்டாம் என்பதில்லை. படிவமும் சார்ஜென்ட்டும் மாறாத இடத்தில் வகுப்பு மட்டும் எதையும் மாற்றாது.

யார் பிடரியைப் பிடிக்கிறார்கள்

அமெரிக்காவில் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய விவகாரத்துக்குப் பின் 1994இல் வந்த மத்தியச் சட்டம், தொடர்ந்து உரிமை மீறும் உள்ளூர்த் துறை மீது நீதித்துறை அமைச்சகம் வழக்குப் போட அதிகாரம் தந்தது. பெரும்பாலும் வழக்கு விசாரணைக்குப் போகாமல் ஒப்புதல் ஆணையாக முடியும்: நீதிபதி மேற்பார்வை, தனிக் கண்காணிப்பாளர், செய்ய வேண்டியவற்றின் நீண்ட பட்டியல். முதல் ஆணை 1997இல் பிட்ஸ்பர்க். நியூஜெர்சி மாநிலப் போலீஸ் 1999இல் ஒப்பந்தம் போட்டு 2009இல் விடுபட்டது. பத்தாண்டு ஆகும் வேலை.

2025 மே மாதம் நீதித்துறை அமைச்சகம் மினியாபொலிஸ், லூயிவில் நகரப் போலீஸ் துறைகள் மீதான இப்படிப்பட்ட வழக்குகளைக் கைவிட்டது. அதனால் மினியாபொலிஸில் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. மாநில மனித உரிமைத் துறையோடு 2023இல் போட்ட, நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தம் தனியே ஓடிக்கொண்டிருக்கிறது. கஞ்சா வாசனையை வைத்துச் சோதிப்பதையும் நிறுத்தங்களில் சம்மதச் சோதனை கேட்பதையும் அது தடுக்கிறது. மத்திய அரசு விலகினால் மாநிலச் சட்டம், நகர மன்றம், மாநில அட்டர்னி ஜெனரல் என்ற வழிகளே மிஞ்சும்.

உங்கள் ஊர் அறிக்கை கைக்கு வந்தால்

1. எச்சரித்து அனுப்பிய நிறுத்தங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மற்ற அட்டவணைகளுக்கு மதிப்புக் குறைவு.

2. ‘தெரியாது’, ‘மற்றவை’ என்ற கட்டங்களில் எத்தனை விழுக்காடு? ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறதா?

3. மக்கள்தொகை ஒப்பீட்டைத் தாண்டி, இனவாரியாகச் சோதனை எத்தனை, கிடைத்தது எத்தனை என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். அவற்றை வகுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

4. சோதனைகளை அடிப்படை வாரியாகப் பிரித்திருந்தால் ‘சம்மதம்’ என்ற வரியைப் பாருங்கள். கைதுக்குப் பின் நடக்கும் சோதனையில் அதிகாரிக்குத் தெரிவு குறைவு, சம்மதச் சோதனையில் முழுத் தெரிவும் அவருடையது. ஓர் இனத்தவரிடம் மட்டும் அந்த வரி வீங்கி, கிடைத்தது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்தால், நகர மன்றக் கூட்டத்தில் துறைத் தலைவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே இருக்கிறது.